வில்லியம் மூர்கிராஃப்ட்

வில்லியம் மூர்கிராஃப்ட் (1767 - ஆகஸ்ட் 27, 1825) இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த கால்நடை மருத்துவரும் நாடுகாண் பயணியும் ஆவார். முறையான கால்நடை மருத்துவக் கல்வி பெற்ற முதல் ஆங்கிலேயராக இவர் கருதப்படுகிறார். குதிரைகளுக்கு ஏற்படும் நொண்டல், குளம்பு நோய்கள், லாடம் அடிக்கும் முறை ஆகியவற்றை ஆராய்ந்து லண்டனில் பெரும் புகழும் செல்வமும் ஈட்டினார். 1808 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணைக் கண்காணிப்பாளராக இந்தியாவுக்கு வந்தார்.

இந்தியாவில் இவர் பெற்ற புகழ் மருத்துவத்தால் வந்ததன்று. 1812 இல் மானசரோவர் ஏரியை அடைந்ததும், 1819 முதல் 1825 வரை லடாக், காஷ்மீர், ஆப்கானிஸ்தான் வழியாகப் புகாரா வரை சென்றதும் இவரை இமயமலை ஆய்வாளர்களின் வரிசையில் சேர்த்தன. ஆயினும் இப்பயணங்களுக்கு இவர் கூறிய காரணம் ஒன்றே. கம்பெனியின் குதிரைப்படைக்கு உறுதியான எலும்பும் நல்ல குளம்பும் உடைய இனக்குதிரைகளைத் தேடுவதே அது.

பிறப்பும் இளமையும்

மூர்கிராஃப்ட் இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் உள்ள ஓர்ம்ஸ்கேர்க் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தாய் திருமணமாகாதவர். அதனால் தாய்வழிப் பாட்டனாரின் குடும்பப் பெயரே இவருக்கும் அமைந்தது. பாட்டனார் நிலவுடைமையாளராக இருந்தமையால் இளமையில் வறுமை இருக்கவில்லை.

முதலில் மனிதருக்கான அறுவை மருத்துவத்தைக் கற்கவே இவர் அனுப்பப்பட்டார். லிவர்பூல் நகர மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஜான் லியோன் என்பவரிடம் பயிற்சி பெற்றார். அக்காலத்தில் லங்காஷயர் பகுதியில் மாடுகளிடையே கொடிய தொற்றுநோய் ஒன்று பரவியது. அந்நோயைப் பற்றி ஆராயும் பணியில் ஈடுபட்ட மூர்கிராஃப்ட், விலங்கு மருத்துவம் எவ்வளவு பின்தங்கிய நிலையில் உள்ளது என்பதை நேரில் கண்டார். அப்போது இங்கிலாந்தில் நோயுற்ற குதிரைக்கும் மாட்டுக்கும் மருத்துவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் லாடம் அடிக்கும் கொல்லர்களே. உடற்கூறு அறிந்தவர்கள் அத்தொழிலுக்கு வருவது இழிவாகக் கருதப்பட்டது. நன்மதிப்புள்ள மனித மருத்துவத்தை விட்டு விலங்கு மருத்துவத்துக்கு மாற இவர் எடுத்த முடிவு அக்காலத்தில் வியப்புடன் நோக்கப்பட்டது.

பிரான்சில் கல்வி

இங்கிலாந்தில் அப்போது கால்நடை மருத்துவக் கல்லூரி எதுவும் இல்லை. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சு நாட்டின் லியோன் நகரில் குளோட் பூர்ஜெலா என்பவரால் 1761 இல் நிறுவப்பட்டு அடுத்த ஆண்டில் மாணவர்களைச் சேர்த்தது. பிரெஞ்சுப் புரட்சி நிகழ்ந்துகொண்டிருந்த 1790 ஆம் ஆண்டில் மூர்கிராஃப்ட் அப்பள்ளிக்குச் சென்று பயின்றார்.

லியோன் பள்ளியின் கல்விமுறையில் குதிரையின் உடற்கூறு முதன்மையான இடம் பெற்றிருந்தது. இறந்த குதிரையின் காலைப் பகுத்து எலும்பு, தசைநாண், நரம்பு, குருதிக் குழாய் ஆகியவற்றின் அமைப்பை மாணவர்கள் கற்றனர். நொண்டும் குதிரையின் காலில் எவ்விடத்தில் குறை உள்ளது என்பதை ஊகத்தால் அன்றி ஆய்வால் கண்டறிய வேண்டும் என்னும் பார்வையை மூர்கிராஃப்ட் இங்கு பெற்றார்.

லண்டன் வாழ்க்கை

பிரான்சிலிருந்து திரும்பிய மூர்கிராஃப்ட் லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் குதிரை மருத்துவமனை ஒன்றை நடத்தினார். செல்வர்களின் வண்டிக் குதிரைகளும் பந்தயக் குதிரைகளும் இங்கு கொண்டுவரப்பட்டன.

லண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரி 1791 இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் பேராசிரியரான வியால் டி சான்பெல் 1793 இல் இறந்தார். அவருக்குப் பின் 1794 இல் எட்வர்ட் கோல்மன் என்பவரும் மூர்கிராஃப்டும் இணைப் பேராசிரியர்களாக அமர்த்தப்பட்டனர். ஆனால் மூர்கிராஃப்ட் சில வாரங்களிலேயே பதவி விலகித் தம் சொந்த மருத்துவப் பணிக்குத் திரும்பினார். கோல்மன் அப்பதவியில் நெடுங்காலம் நீடித்தார்.

1795 இல், இந்தியாவில் பயன்படுத்துவதற்கென அமைக்கப்பட்ட குதிரை மருந்துப் பெட்டி ஒன்றுக்கான கையேட்டை மூர்கிராஃப்ட் வெளியிட்டார். 1800 இல் லாடம் அடிக்கும் பல்வேறு முறைகளைப் பற்றிய சிறுநூலை எழுதினார். அதே காலப்பகுதியில் இயந்திரத்தின் மூலம் லாடங்களைச் செய்வதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரே அளவும் ஒரே தரமும் உள்ள லாடங்கள் கிடைத்தால் கொல்லரின் கைப்பிழையால் வரும் நொண்டல் குறையும் என்பது இம்முயற்சியின் அடிப்படை. ஆனால் அது வணிக அளவில் தோல்வியுற்றது. மருத்துவத்தால் ஈட்டிய செல்வத்தில் பெரும்பகுதியை மூர்கிராஃப்ட் இதில் இழந்தார்.

குளம்பும் திடீர் நொண்டலும்

மூர்கிராஃப்டின் மருத்துவப் பணியைப் புரிந்துகொள்ளக் குதிரைக் குளம்பின் அமைப்பை அறிதல் வேண்டும். குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நுனியை ஊன்றி நிற்கும் விலங்கு. அவ்விரல் நுனியைச் சுற்றி வளர்ந்த தடித்த நகமே குளம்பு ஆகும். குளம்பின் வெளிச்சுவரில் உணர்ச்சி இல்லை. ஆனால் அதன் உட்புறத்தில் குருதியும் நரம்பும் நிறைந்த மென்படலம் உள்ளது. லாடத்தின் ஆணி வெளிச்சுவரில் மட்டுமே இறங்க வேண்டும். சற்று உள்ளே சாய்ந்தாலும் மென்படலத்தைக் குத்திவிடும்.

முதல்நாள் நன்றாக நடந்த குதிரை மறுநாள் காலையில் ஒரு காலை ஊன்றவே மறுத்து நிற்பதுண்டு. இதற்கு மிகப் பரவலான காரணம் குளம்பினுள் உண்டாகும் சீழ்க்கட்டி ஆகும். ஆணிக்குத்து, கூரிய கல்லில் மிதித்தல், நெடுநாள் வெட்டப்படாமல் வளர்ந்த குளம்பில் தோன்றும் வெடிப்பு, மழையும் வெயிலும் மாறி மாறி வருவதால் குளம்பு ஊறியும் உலர்ந்தும் நெகிழ்தல் ஆகியவற்றின் வழியாகக் கிருமிகள் உட்புகுகின்றன. உடலின் பிற பகுதிகளில் கட்டி வந்தால் தோல் வீங்கி இடம் கொடுக்கும். குளம்பு கடினமான பெட்டி போன்றது. அதனுள் சேரும் சீழ் வீங்க இடமின்றி உள்ளேயே அழுத்துவதால் வலி மிகக் கடுமையாகிறது. எலும்பு முறிந்துவிட்டது என்று எண்ணும் அளவுக்குக் குதிரை நொண்டும்.

இதனைக் கண்டறியும் முறை பின்வருமாறு அமையும்.

முதலாவதாக, குளம்பைத் தொட்டு மற்றக் குளம்புகளுடன் வெப்பத்தை ஒப்பிடுவர். சீழ் உள்ள குளம்பு பெரும்பாலும் சூடாக இருக்கும். கணுக்கால் மூட்டின் இருபுறமும் விரலை வைத்தால் நாடி வலுவாகத் துடிப்பதை உணரலாம்.

இரண்டாவதாக, குளம்பைப் பிடித்து அழுத்தும் பெரிய இடுக்கியால் அடிப்பகுதியைப் பகுதி பகுதியாக அழுத்திப் பார்ப்பர். குதிரை காலை இழுக்கும் இடமே நோயின் இடம்.

மூன்றாவதாக, லாடத்தைக் கழற்றி அடிப்பகுதியைத் தூய்மை செய்து, குளம்புக் கத்தியால் மெல்லச் சீவுவர். அங்கே தோன்றும் கறுத்த புள்ளி அல்லது கோட்டைப் பின்தொடர்ந்து சென்றால் சீழ் வெளிப்படும்.

சீழ் வெளியேறிய பின் குதிரை பெரும்பாலும் ஓரிரு நாட்களில் காலை ஊன்றத் தொடங்கும். அதன் பின்னர் எப்சம் உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் குளம்பை ஊறவைத்தல், ஒற்றடப் பற்று வைத்துக் கட்டுதல், துளை ஆறும் வரை சேறும் சாணமும் படாமல் உலர்ந்த இடத்தில் நிறுத்துதல் ஆகியவை பின்பற்றப்படுகின்றன. குதிரைகள் இரணஜன்னி என்னும் டெட்டனசு நோய்க்கு எளிதில் ஆளாகக்கூடியவை. ஆதலால் அதற்கான தடுப்பூசி இன்றியமையாதது. சீழ் வெளியேற வழி கிடைக்காவிடில் அது குளம்புச் சுவரின் உட்புறமாக மேலேறி, குளம்பும் தோலும் சேரும் விளிம்பில் உடைந்து வெளிவரும். சில வேளைகளில் எலும்பையும் தாக்கும்.

குளம்பின் அடியில் முக்கோண வடிவில் உள்ள மென்பகுதியில் ஆணி ஏறி நின்றால் அது தனி வகையான ஆபத்து. அதற்கு மேலேதான் சிறிய படகெலும்பும் அதனைச் சார்ந்த நீர்ப்பையும் உள்ளன. இக்காலக் கால்நடை மருத்துவர்கள், இயலுமாயின் ஆணியை உடனே பிடுங்காமல் ஊடுகதிர்ப் படம் எடுத்து அது எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்று பார்த்த பின்னரே அகற்றுவதை விரும்புகின்றனர்.

மூர்கிராஃப்டின் காலத்தில் கிருமிகளைப் பற்றிய அறிவும் ஊடுகதிர்ப் படமும் மயக்க மருந்தும் இல்லை. நொண்டும் குதிரையின் தோளிலோ இடுப்பிலோ சூட்டுக்கோல் வைப்பதும், குருதியை வடிப்பதும், காரமான மருந்து பூசிக் கொப்புளம் எழுப்புவதும் கொல்லர்களின் வழக்கமாக இருந்தன. நோய் குளம்பில் இருக்க, தண்டனை தோளுக்குக் கிடைத்தது. இடத்தைக் கண்டறியாமல் மருத்துவம் செய்யலாகாது என்னும் லியோன் பள்ளியின் முறை இங்குதான் வேறுபட்டது.

நரம்பறுப்பு அறுவை

முன்கால்களின் படகெலும்புப் பகுதியில் நாட்பட்டு வரும் நோய் குதிரையை நிலையாக நொண்டச் செய்யும். சீழ்க்கட்டியைப் போல இதற்கு வெளியேற்ற வேண்டிய பொருள் எதுவும் இல்லை. இத்தகைய குதிரைகளுக்குக் குளம்பின் பிற்பகுதிக்குச் செல்லும் உணர்ச்சி நரம்புகளை வெட்டி வலியை நீக்கும் அறுவையை முதன்முதலில் செய்தவர்களுள் ஒருவராக மூர்கிராஃப்ட் குறிப்பிடப்படுகிறார். பின்னர் லண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் சிவெல் இம்முறையை 1810களின் பிற்பகுதியில் பரவலாக அறியச் செய்தார்.

இவ்வறுவையால் பல ஆண்டுகள் நொண்டிய குதிரைகளும் நேராக நடந்தன. ஆனால் நோய் அகலவில்லை. வலி மட்டுமே அகன்றது. உணர்ச்சியற்ற காலுடன் நடக்கும் குதிரை, அக்காலில் ஆணி ஏறினாலும் சீழ் பிடித்தாலும் நொண்டுவதில்லை. அதனால் உரிமையாளர் அறியாமலேயே குளம்பு உள்ளே அழுகிவிடும் ஆபத்து உண்டு. நொண்டாத குதிரை என்று ஏமாற்றி விற்பவர்களுக்கும் இம்முறை உதவியது. இக்காரணங்களால் நரம்பறுப்பு 19 ஆம் நூற்றாண்டு முழுவதும் கால்நடை மருத்துவர்களிடையே விவாதப் பொருளாக இருந்தது. தற்காலத்தில் வேறு வழியில்லாத நிலையில் மட்டுமே இது செய்யப்படுகிறது. இவ்வாறு உணர்ச்சி நீக்கப்பட்ட குதிரைகளைப் பல போட்டி அமைப்புகள் அனுமதிப்பதில்லை.

பூசா குதிரைப் பண்ணை

கம்பெனியின் வங்காளப் படைக்குத் தேவையான குதிரைகள் இந்தியாவில் போதிய அளவில் கிடைக்கவில்லை. அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கடல் வழியாக வந்த குதிரைகளின் விலை அதிகம். வடமேற்கிலிருந்து வந்த குதிரை வணிகமும் தளர்ந்திருந்தது. எனவே பீகாரில் புடி கண்டக் ஆற்றின் கரையில் உள்ள பூசா என்னும் இடத்தில் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனி ஒரு குதிரைப் பண்ணையை அமைத்தது. இவ்விடம் தற்போது சமஸ்திபூர் மாவட்டத்தில் உள்ளது.

கம்பெனி இயக்குநர்களில் ஒருவரான எட்வர்ட் பாரி, பண்ணையைச் சீர்படுத்த மூர்கிராஃப்டைத் தேர்ந்தெடுத்தார். மிக உயர்ந்த ஊதியத்துடன் இப்பதவியை ஏற்ற மூர்கிராஃப்ட் 1808 இல் இந்தியாவை அடைந்தார். பண்ணையில் தீவனம், கொட்டில், குட்டி வளர்ப்பு ஆகிய யாவும் குறைபாடுடையனவாக இருந்தன. ஓட்ஸ் தானியத்தைத் தீவனமாகப் பெருமளவில் பயிரிடச் செய்தார். நோயுற்ற குதிரைகளைப் பிரித்து வைத்தார். இனப்பெருக்கத்துக்குத் தகுதியற்ற குதிரைகளை நீக்கினார்.

ஆனால் ஈரமும் வெப்பமும் மிகுந்த கங்கைச் சமவெளி குதிரைகளுக்கு ஏற்றதாக அமையவில்லை. அப்பகுதிகளில் கும்ரி என்று அழைக்கப்பட்ட நோய் குதிரைகளின் பின்கால்களைச் செயலிழக்கச் செய்தது. மாடுகளில் வாழும் ஒருவகை உருளைப்புழுவின் இளம்புழுக்கள் கொசுவின் மூலம் குதிரையின் உடலில் புகுந்து தண்டுவடத்தைத் தாக்குவதே இதன் காரணம் என்று 20 ஆம் நூற்றாண்டில் அறியப்பட்டது. குளம்பை எவ்வளவு நேர்த்தியாகப் பேணினாலும் தடுக்க இயலாத நொண்டல் இது.

படைக்குத் தேவையான உயரமும் வலிமையும் உள்ள குதிரைகளை உருவாக்க வேண்டுமாயின் புதிய பொலிகுதிரைகள் வேண்டும் என்று மூர்கிராஃப்ட் முடிவு செய்தார். 1811 இல் வட இந்தியச் சந்தைகளைச் சுற்றிப் பார்த்தும் தகுந்த குதிரைகள் கிடைக்கவில்லை. துருக்மேனியர்கள் வளர்த்த, புகாராச் சந்தைக்கு வந்த குதிரைகளே இதற்கு ஏற்றவை என்ற எண்ணம் அதன்பின் அவரை விட்டு அகலவில்லை.

மானசரோவர் பயணம்

1812 இல் மூர்கிராஃப்டும் ஐதர் ஹியர்சி என்பவரும் இந்து யாத்திரிகர்களைப் போல மாறுவேடம் பூண்டு, கர்வால் பகுதியிலிருந்து நிதி கணவாய் வழியாகத் திபெத்துக்குள் நுழைந்தனர். உடன் சென்ற பண்டிதர் ஒருவர் தம் காலடிகளை எண்ணி வழியின் தொலைவை அளந்தார். கார்தோக் என்னும் இடத்தைக் கடந்து ஆகஸ்ட் மாதத்தில் மானசரோவர் ஏரியை அடைந்தனர். இந்துக்களும் பௌத்தர்களும் புனிதமாகக் கருதும் இவ்வேரியைப் பற்றி ஐரோப்பாவில் அதற்கு முன் தெளிவான செய்திகள் இருக்கவில்லை.

இப்பயணத்தில் குதிரைகள் கிடைக்கவில்லை. மாறாக, சால்வை நெய்யப் பயன்படும் பஷ்மினா ஆடுகள் சிலவற்றை வாங்கினர். திரும்பும் வழியில் கூர்க்கர்கள் இவர்களைச் சிலகாலம் தடுத்து வைத்திருந்தனர். இசைவு பெறாத இப்பயணம் கம்பெனி அதிகாரிகளிடையே அதிருப்தியை உண்டாக்கியது. பண்ணையை விட்டு மலைகளில் அலைகிறார் என்ற குறைகூறல் இதன்பின் தொடர்ந்து எழுந்தது.

இறுதிப் பயணம்

நீண்ட வேண்டுகோள்களுக்குப் பின்னர் புகாரா செல்ல இசைவு பெற்ற மூர்கிராஃப்ட் 1819 இல் புறப்பட்டார். கல்கத்தாவைச் சேர்ந்த இளைஞர் ஜார்ஜ் டிரெபெக், மருத்துவ உதவியாளர் ஜார்ஜ் கத்ரி, பாரசீக மொழி அறிந்த மீர் இசத்துல்லா, குலாம் ஐதர் கான் ஆகியோர் உடன் சென்றனர். 1820 இல் லாகூரில் சீக்கிய அரசர் ரஞ்சித் சிங்கைச் சந்தித்து அவருக்கு மருத்துவம் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பரில் லே நகரை அடைந்தார்.

லடாக்கில் இரண்டாண்டுகள் தங்கினார். கண்புரை உள்ளவர்களுக்கு அறுவை செய்து பார்வை அளித்தமையால் அங்குள்ள மக்கள் இவரைப் பெரிதும் மதித்தனர். அப்பகுதியில் குளிர்காலத் தீவனமாகப் பயன்பட்ட பிராங்கோசு என்னும் செடியைக் குறித்து ஆராய்ந்து அதன் விதைகளை அனுப்பினார். 1822 இல் அங்கேரிய அறிஞர் அலெக்சாண்டர் சோமாவைச் சந்தித்துத் திபெத்திய மொழியைக் கற்க ஊக்கமும் பொருளுதவியும் அளித்தார். சோமாவின் திபெத்திய - ஆங்கில அகராதி 1834 இல் வெளிவந்தது.

லடாக் அரசுடன் மூர்கிராஃப்ட் தாமாகவே ஒரு வணிக உடன்படிக்கை செய்துகொண்டார். ரஞ்சித் சிங்கின் பகையைத் தேடிக்கொள்ள விரும்பாத கம்பெனி அவ்வுடன்படிக்கையை ஏற்க மறுத்து அவரைக் கண்டித்தது. அவருடைய ஊதியமும் நிறுத்தப்பட்டது. எனினும் அவர் திரும்பவில்லை. காஷ்மீர், பெஷாவர் வழியாக 1824 இல் காபூலை அடைந்தார். அதன்பின் குந்தூஸ் பகுதியை ஆண்ட முராத் பேக் இக்குழுவைத் தடுத்து வைத்துப் பெரும்பொருள் கேட்டார். பல இடர்களுக்குப் பின் பிப்ரவரி 25, 1825 இல் மூர்கிராஃப்ட் புகாராவை அடைந்தார்.

மறைவு

பல்லாண்டுகள் எண்ணியிருந்த புகாராச் சந்தையில் எதிர்பார்த்த அளவில் உயர்ந்த குதிரைகள் கிடைக்கவில்லை. போர்களால் அப்பகுதியின் குதிரை வளர்ப்பு நலிந்திருந்தது. இயன்றவற்றை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், மேலும் குதிரைகள் வாங்குவதற்காகக் குழுவைப் பிரிந்து ஆந்கோய் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கு காய்ச்சலுற்று ஆகஸ்ட் 27, 1825 இல் இறந்தார். இவ்வூர் தற்போது ஆப்கானிஸ்தானின் வடபகுதியில் உள்ளது. உடல் பால்க் நகருக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. கத்ரியும் டிரெபெக்கும் அடுத்த சில மாதங்களில் அதே பகுதியில் இறந்தனர். வாங்கிய குதிரைகள் பூசாவை அடையவில்லை.

1832 இல் அப்பகுதிக்குச் சென்ற அலெக்சாண்டர் பர்ன்ஸ் பால்க் நகருக்கு அருகில் இருந்த கல்லறையைப் பார்வையிட்டார். மூர்கிராஃப்ட் அப்போது இறக்கவில்லை, லாசாவில் மறைந்து வாழ்ந்தார் என்ற கதையும் பின்னாளில் பரவியது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதனை ஏற்பதில்லை. இவருடைய பயணக் குறிப்புகளை வடமொழி அறிஞர் ஓரேஸ் எய்மன் வில்சன் தொகுத்து 1841 இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார்.

தமிழகத்தில் குதிரைப் பேணல்

மூர்கிராஃப்ட் தமிழகத்துக்கு வந்து பணியாற்றியவர் அல்லர். ஆயினும் அவர் எதிர்கொண்ட சிக்கல் தமிழகத்துக்குப் புதியதன்று. சங்க இலக்கியமான பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்ததைக் குறிப்பிடுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் வரலாறும் அரசுகள் குதிரைக்குச் செலவிட்ட பெரும்பொருளை உணர்த்துகிறது.

13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட குதிரைகளில் மிகச் சிலவே ஆண்டிறுதியில் எஞ்சின என்று எழுதியுள்ளார். குதிரை மருத்துவம் அறிந்த லாடக் கொல்லர்கள் இந்நாட்டில் இல்லாமையே காரணம் என்றும், தம் விற்பனை குறையாதிருக்க அயல்நாட்டு வணிகர்கள் அத்தகையோரை இங்கு வரவிடவில்லை என்றும் அவர் கூறுகிறார். தட்பவெப்பமும் தீவனமும் இதில் பங்கு பெற்றிருக்கலாம். எனினும் குதிரையைப் பேணும் அறிவு இல்லாத நாடு அதற்கு ஆண்டுதோறும் விலை கொடுக்க நேரும் என்பதற்கு இக்குறிப்பு சான்றாகக் காட்டப்படுகிறது.

மூர்கிராஃப்ட் காபூலில் இருந்த அதே 1824 ஆம் ஆண்டில், சென்னை மாகாணத்தின் ஓசூர் அருகே மத்திகிரியில் கம்பெனிப் படைக்கான குதிரைப் பண்ணை நிறுவப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த ஓசூர்ப் பகுதி மிதமான தட்பவெப்பம் உடையது. மைசூர் நாட்டின் எல்லையில் அமைந்திருந்ததும் பெங்களூர்ப் படைமுகாமுக்கு அருகில் இருந்ததும் இதன் பிற சிறப்புகள். இராஜாஜி பிறந்த தொரப்பள்ளி கிராமமும் இந்த ஓசூர் வட்டத்திலேயே உள்ளது. குதிரைப்படையின் தேவை குறைந்தபின் இப்பண்ணை மாடுகள் முதலிய கால்நடைகளை வளர்க்கும் அரசுப் பண்ணையாக மாறியது. தற்போது மாவட்டக் கால்நடைப் பண்ணை என்னும் பெயரில் அறியப்படுகிறது. தொழிற்சாலைகள் பெருகிய ஓசூரில் குதிரைக் காலத்தை நினைவூட்டும் இடங்களுள் இதுவும் ஒன்றாகும்.

சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 இல் தொடங்கப்பட்டது. அதன்பின் குளம்பு நோய்களுக்கான முறையான மருத்துவம் தமிழகத்தில் பரவத் தொடங்கியது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டி நடைபெறும் சந்தை குதிரைகளுக்குப் புகழ்பெற்றது. இத்தகைய சந்தைகளில் குதிரை வாங்குவோர் பல்லையும் சுழியையும் பார்ப்பதுடன், குதிரையை நடத்தியும் ஓட்டியும் காலைத் தூக்கிக் குளம்பின் அடியைக் கண்டும் வாங்குவது நல்லது.

மதிப்பீடு

வாழ்நாளில் மூர்கிராஃப்ட் மேற்கொண்ட பெருமுயற்சிகள் பலவும் நிறைவேறவில்லை. லாட இயந்திரம் நட்டத்தில் முடிந்தது. பூசா பண்ணை எதிர்பார்த்த குதிரைகளைத் தரவில்லை. லடாக் உடன்படிக்கை தள்ளப்பட்டது. புகாராக் குதிரைகள் வந்து சேரவில்லை. இதனால் கம்பெனி அதிகாரிகள் சிலர் அவரைப் பொறுப்பற்றவர் என்றே கருதினர். அவருடைய குறிப்புகளின் அருமை, மத்திய ஆசியாவின் மீது பிரித்தானியருக்கும் உருசியருக்கும் இடையே போட்டி முற்றிய பின்னரே உணரப்பட்டது.

கால்நடை மருத்துவத் துறையில் அவருடைய இடம் வேறு வகையானது. கொல்லரின் பட்டறையிலிருந்த குதிரை மருத்துவத்தை உடற்கூறு அறிந்த மருத்துவரின் கைக்குக் கொண்டுவந்த தலைமுறையின் முன்னோடியாக அவர் மதிக்கப்படுகிறார். நொண்டும் குதிரையில் முதலில் குளம்பைப் பார்ப்பது இன்று கால்நடை மருத்துவ மாணவர்களுக்குத் தொடக்கப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

அவர் பணிபுரிந்த பூசாவில் 1905 இல் வேளாண்மை ஆய்வு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. 1934 ஆம் ஆண்டின் பீகார் நிலநடுக்கத்தில் அதன் கட்டடங்கள் சேதமுற்றதால் 1936 இல் அந்நிறுவனம் தில்லிக்கு மாற்றப்பட்டது. இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ள தில்லிப் பகுதி இன்றும் பூசா என்றே அழைக்கப்படுகிறது.